நான் உருட்டிய கேள்வித்தாள்

சினிமாவிலிருந்து வந்து நாட்டை ஆண்ட முதல்வர் இறந்துபோனபோது எங்கள் ஊரில் பாதி ஆண்கள் மொட்டை போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன். மார்கழிப் பனியில் தலை ஜில்லென்று இருந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்த மொட்டைக்கு மூன்று நாலு மாசம் முந்தி, ரோட்டுப் புளியமரங்களைச் சாய்த்து மறியல் செய்தோமே, அதற்கு முதல் நாள் நான் அறுபது தாள் உருட்டினேன்.

அறுபதிலும் மசி சீராக விழுந்திருந்தது. ஒரு தாள்கூடப் பாழாகவில்லை. அதற்காக அன்றைக்குப் பெருமைப்பட்டேன்.

இந்தப் பத்திரிகையில் என் தொடரைப் படிக்கிற ஒருத்தர், திருக்கோவிலூர்ப் பக்கத்துக்காரர், கடுதாசி போட்டிருந்தார். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவன் என்று சொல்கிறீரே, பிறகு எப்படி டுடோரியலில் வேலை பார்த்தீர் என்று கேட்டிருந்தார். நான் சொல்லச் சொல்ல எழுதுகிற என் மருமகள்தான் அதைப் படித்துக் காட்டினாள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லப் போனால் சடையன் சாரைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. இத்தனை வாரம் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

எழுத்து தெரியாததே தகுதி

கள்ளக்குறிச்சியில் ஒரு உரக்கடை மாடியில் அந்த டுடோரியல் இருந்தது. பத்தாவது பெயிலான பிள்ளைகள் வருவார்கள். கீழே யூரியா நாற்றம், மேலே சாக்பீஸ் தூள். மழை பெய்தால் இரண்டும் கலந்து தொண்டையைப் பிடிக்கும்.

எனக்கு முன்னால் அங்கே இருந்த ஆள் கேள்வித்தாளை முந்தின நாளே பிள்ளைகளுக்கு விற்றுவிட்டான். அதனால் முதலாளி என்னைச் சேர்த்துக்கொள்ளும்போது ஒரு சோதனை வைத்தார். அச்சடித்த காகிதம் ஒன்றை நீட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது, படி என்றார். நான் வாங்கி உற்றுப் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டார். காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தேனாம். நாளைக்கே வேலைக்கு வா என்றார்.

பெல் அடிப்பது, கரும்பலகை துடைப்பது, வாத்தியார்களுக்கு டீ வாங்கி வருவது, தாள் உருட்டுவது. இவ்வளவுதான் வேலை. தாள் உருட்டுவது என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. மெழுகுத் தாளில் வாத்தியார் இரும்புப் பேனாவால் கீறி எழுதித் தருவார். அதைச் சட்டத்தில் ஒட்டி, கீழே வெள்ளைத் தாள் வைத்து, மேலே மசி உருளையை ஓட்ட வேண்டும். தாளுக்கு ஒரு உருட்டு. வேலை முடிந்தால் மணிக்கட்டு வரை கறுப்பு. மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினாலும் நகக்கண்ணில் ஒரு வாரம் நிற்கும்.

எனக்கு எழுத்து தெரியாது என்பது முதலாளிக்கு மட்டும் தெரியும். வெளியே சொல்லாதே, ஆபீசுக்கு மரியாதையில்லை என்று அவர் சொல்லியிருந்தார். அவர் சொல்லாவிட்டாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். சட்டைப் பையில் ஒரு பேனா குத்திக்கொள்ள ஆரம்பித்தேன். ஊரில் என்னை இங்கிலீஷ்காரன் என்று கூப்பிட்டார்கள். போன இடத்தில் கற்றுக்கொண்டான் என்று நம்பிவிட்டார்கள். யாராவது கடுதாசியோடு வந்தால் கண்ணாடி கொண்டுவரவில்லை என்பேன். என்னிடம் கண்ணாடியே கிடையாது.

எந்தப் பக்கம் வூடு?

சடையன் சார் கல்வராயன் மலையில் வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே ஒரு மலைக் கிராமத்துக்காரர். அந்தக் கிராமத்தில் முதன்முதலாகக் காலேஜ் போனவர். இங்கிலீஷ் பாடம் படித்தவர். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். ஒல்லி. இடது புருவத்தை வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு ஓடும்.

வந்த அன்றைக்கு டீ கொடுத்துக்கொண்டே நான் கேட்டேன்.

"சாருக்கு வூடு எந்தப் பக்கம்?"

"மலைப் பக்கம். நீங்க கேட்டது வூட்டையா, இல்ல வேற எதையாவதாண்ணே?"

எனக்கு முகம் செத்துவிட்டது. எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் நீ என்ன சாதி என்று கேட்பதில்லை. எந்தத் தெரு, எந்தப் பக்கம் என்றுதான் கேட்போம். கேட்கிறவனுக்கும் தெரியும், சொல்கிறவனுக்கும் தெரியும். அவர் கோபப்படவில்லை. டீயை ஊதிக் குடித்துவிட்டு என் பேனாவைப் பார்த்து எதுவரைக்கும் படித்தீர்கள் என்றார். எட்டாவது என்றேன். வாயில் வந்துவிட்டது.

மறுநாள் வகுப்பில் அதையே பாடமாக்கினார். பேர் சொல்லவில்லை. நம்ம ஊர்க்காரங்க எந்தத் தெருவுன்னு கேட்டா தெருவை மட்டுமா கேக்குறாங்க, அது மாதிரிதான் இங்கிலீஷ்லயும், கேள்வி வார்த்தை ஒண்ணு, கேக்குற விஷயம் வேற என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த நானும் சிரித்தேன்.

ஏணி எழுத்து

அந்த வருஷம் அவர் பிள்ளைகளோடு மல்லுக்கட்டியது இந்தக் கேள்வி வார்த்தைகளுக்காகத்தான். பரீட்சையில் கோடு போட்டு இடம் விட்டிருப்பார்களாம், சரியான கேள்வி வார்த்தையை எழுத வேண்டுமாம். பிள்ளைகள் தமிழில் யோசித்துப் போடுவார்கள், தப்பாகிவிடும்.

"எப்படின்னு தோணுன ஒடனே 'ஹவ்' போடாதீங்கடா" என்பார். உங்க அண்ணன் எப்படிப்பட்ட ஆளுன்னு கேக்கணும்னா 'வாட் இஸ் ஹி லைக்'. இதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வதுன்னு கேக்கணும்னா 'வாட் டு யூ கால் திஸ்'. அங்கே எல்லாம் 'வாட்'தான். எதிரில் வருகிறவனிடம் 'ஹவ் டு யூ டூ' என்றால் அது கேள்வியே இல்லையாம், அவனும் அதையே திருப்பிச் சொன்னால் போதுமாம். எங்கள் ஊரில் சாப்டியா என்பது மாதிரி.

அவருக்குப் பிடித்தது 'ஹவ் கம்'. ஏன் லேட்டு என்று கேட்க 'வொய்' இருக்கிறது. ஆனால் மூஞ்சிக்கு நேராக 'வொய்' போட்டால் அதட்டுகிற மாதிரி ஆகிவிடும். 'ஹவ் கம்' என்றால், அடடா, இது எப்படி இப்படி ஆச்சு என்று நீயும் அவன் பக்கத்தில் நின்று கேட்கிற மாதிரி. கோபம் இருந்தாலும் அதில் ஒளிந்துகொள்ளும் என்பார்.

நான் பெல் அடிக்க இரண்டு நிமிஷம் தாமதமானால் கதவில் எட்டிப் பார்த்து, ஹவ் கம்ணே, பெல்லு தூங்குது என்பார்.

காதால் கேட்டே எனக்கு முப்பது நாற்பது வசனம் மனப்பாடம். ஒருநாள் வீட்டில் என் சம்சாரத்திடம், 'ஹவ் அபவுட் எ கப் ஆஃப் டீ' என்றேன். அவள் அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்து, "யாருக்கு மந்திரிக்கிற? சக்கர இல்ல, போயி வாங்கினு வா" என்றாள்.

எழுத்து தெரியாதே தவிர, தாள் உருட்டி உருட்டிச் சில உருவங்கள் பிடிபட்டிருந்தன. 'வாட்', 'வொய்', 'வேர்' எல்லாம் கவிழ்த்த மலை மாதிரி ஒரு எழுத்தில் ஆரம்பிக்கும். 'ஹவ்' மட்டும் ஒற்றைப்படி வைத்த ஏணி மாதிரி. மசி காயும்போது இத்தனை மலை, இத்தனை ஏணி என்று எண்ணிக்கொள்வேன். அது எனக்கு ஒரு சந்தோஷம்.

கடைசி வரி

அது ஊரெல்லாம் கொதித்துக்கொண்டிருந்த நேரம். எங்கள் ஆட்களுக்குத் தனியாக இட ஒதுக்கீடு வேண்டும் என்று சுவரெல்லாம் எழுத்து. டீக்கடையில் வேறு பேச்சு இல்லை. ஒரு வாரம் ரோடு மறியல், வீட்டுக்கு ஒரு ஆள் வரவேண்டும் என்று எங்கள் ஊரிலும் சொல்லிவிட்டார்கள்.

மறியல் தொடங்குவதற்கு முதல் நாள் சடையன் சார் பரீட்சை வைத்தார். எல்லாம் கேள்வி வார்த்தைகள். முந்தின சாயங்காலமே மெழுகுத் தாளை எழுதி மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தார். அதை அலமாரியில் வைத்துப் பூட்ட வேண்டியது நான். டீக்கடையில் மறியல் பேச்சு கேட்டுக்கொண்டு நின்றுவிட்டேன். திரும்பி வந்துதான் பூட்டினேன்.

காலையில் சட்டத்தில் ஒட்டும்போது பார்த்தேன். அடியில் சார் நாலு விரல் இடம் விட்டிருந்தார். அதில் ஒரு வரி கூடுதலாக இருந்தது. சார் எழுத்து நெட்டுக்குத்தாக நிற்கும். இந்த வரி சாய்ந்து கிடந்தது. ஏணியில் ஆரம்பித்தது.

இந்த இடத்தில் என் மருமகள் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

"இத்த எழுதணுமா மாமா? நீங்க பாத்தது யாருக்குத் தெரியப் போவுது?"

எழுதும்மா என்றேன்.

பார்த்தேன். வேறு கை என்று தெரிந்தது. சார் மாடிப்படியில் ஏறி வருகிற சத்தமும் கேட்டது. இது நீங்க எழுதினதா சார் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால், ஏன் அண்ணே, இதில் என்ன இருக்கிறது, படியுங்கள் என்பார். எட்டாவது என்று சொன்ன வாய். சார்தான் அவசரத்தில் சேர்த்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உருளையை எடுத்தேன்.

அறுபது தாளையும் பெஞ்சு பெஞ்சாக நானே கொடுத்தேன். வாசலில் வந்து உட்கார்ந்தேன். பிறகு பின் பெஞ்சில் ஒருத்தன் சிரித்தான். அது முன்னால் வரை வந்தது. சார் ஒரு தாளை வாங்கிப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் கண் அங்கேயே நின்றது. பிறகு தலையைத் தூக்கி நேராக என்னைப் பார்த்தார்.

நான் சிரித்தேன். ஏதோ வேடிக்கைக் கேள்வி போட்டிருக்கிறார், எல்லாரும் சிரிக்கிறார்கள், தாளும் நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்து, வாய் நிறையச் சிரித்தேன்.

அவர் வகுப்புப் பக்கம் திரும்பினார்.

"கடைசி கேள்விக்கு மார்க் கெடையாது. ஆனா 'ஹவ் கம்' போட்ட எடம் கரெக்ட்டு. மத்தத எழுதுங்க."

பெல் அடிக்கிற வரை நின்றபடியே இருந்தார். தாள்களை அடுக்கி வாங்கிக்கொண்டு படி இறங்கிப் போனார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

சாயங்காலம் முதலாளி கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அந்த வரியைப் படித்துத் தமிழிலும் சொன்னார். 'மலைக்காரன் எப்படி நமக்கு வாத்தியாரானான்?' பக்கத்திலேயே பதிலும் இருந்ததாம். ஒரே வார்த்தை. கோட்டா.

அந்த டுடோரியலில் இட ஒதுக்கீட்டுக் கோட்டாவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மற்ற வாத்தியார்களைவிடக் கம்மிச் சம்பளத்துக்கு வந்தார் என்பதால் முதலாளி அவரைச் சேர்த்திருந்தார். யார் எழுதியது என்று முதலாளிக்கும் தெரியும், எனக்கும் தெரிந்துபோனது. அங்கே படித்த எங்கள் ஊர்ப் பையன்கள் இரண்டு பேர். இருக்கிற நிலைமையில் இதைக் கிளறாதே, கீழே இருக்கிற கடையோடு சேர்த்துக் கொளுத்திவிடுவான்கள் என்றார் முதலாளி.

புளியமரத்தின் மேலே

மறுநாள் விடிகாலை எங்கள் ஊர் எல்லையில், கச்சிராயபாளையம் போகிற ரோட்டில் மூன்று புளியமரத்தைச் சாய்த்தோம். நானும் கயிறு இழுத்தேன். வெயில் ஏறியபோது ரோடு முழுக்க வெட்டுப்பட்ட இலையின் புளிச்ச வாசனை. பிஞ்சுக் காய்களைப் பிள்ளைகள் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தன. நாங்கள் முப்பது பேர் மரத்தின்மேல் உட்கார்ந்திருந்தோம்.

அந்தப் போராட்டத்தை நான் குறைவாகப் பேசமாட்டேன். பல ஊரில் உயிர் போனது. எங்கள் ஊரிலிருந்து நாலு பேர் ஜெயிலுக்குப் போனார்கள். என் பேத்தி நர்சிங் படித்ததே அதனால் கிடைத்த ஒதுக்கீட்டு இடத்தில்தான். அவள் ஆஸ்பத்திரியில் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் இன்னொன்றும் தோன்றும். எதைக் கேட்டு நாங்கள் ரோட்டில் உட்கார்ந்தோமோ, அதையே சொல்லித்தான் அந்த மனுஷனைக் கேலி செய்தோம்.

உச்சி வேளைக்குச் சற்று முன்னால் சடையன் சார் நடந்து வந்தார். தோளில் ஒரு பை, தலையில் தகரப் பெட்டி. மலைக்குப் போகிற பஸ் எதுவும் இல்லை.

"சாரு, இன்னிக்கு நடராஜா சர்வீஸ்தான்" என்றான் ஒருத்தன். சிரித்தார்கள். அந்த வரியை எழுதிய இரண்டு பேரில் ஒருத்தன் கிளைமேல் நின்றுகொண்டு என்னையே பார்த்தான்.

பெட்டியோடு மரத்தில் ஏறித் தாண்ட முடியாது. நான் இறங்கிப் போய்ப் பெட்டியை வாங்கினேன். புத்தகம் போலிருக்கிறது, கனத்தது. அவர் ஏறி அந்தப் பக்கம் குதித்தார். பெட்டியைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டும் நகராமல் கொஞ்சம் நின்றார். நான் ஏதாவது சொல்வேன் என்று நின்றாரோ என்னவோ. என் விரலெல்லாம் மசி. அதைப் பார்த்தார்.

"தூரமா சார்?" என்றேன்.

"தூரந்தாண்ணே."

போய்விட்டார்.

வெளியே கிளம்புகிறவனை எங்கே என்று கேட்கக்கூடாது, போகிற காரியம் கெட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். தூரமா என்றுதான் கேட்போம். இஷ்டமிருந்தால் அவனே சொல்வான். அந்த வழக்கத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று கொஞ்ச நாள் மனசைத் தேற்றிக்கொண்டேன். எங்கே என்று கேட்கத்தான் தடை. ஏன் போறீங்க என்று கேட்க யார் தடுத்தது? அதைக் கேட்டால் பதிலில் நான் இருப்பேன். எனக்குப் படிக்கத் தெரியாது சார், தெரியாமல் உருட்டிவிட்டேன் என்று சொல்ல வேண்டியிருக்கும். முப்பது பேர் கேட்டிருப்பார்கள்.

சாமை காய்ந்த பாறை

இரண்டு வருஷம் கழித்து மனசு கேட்காமல் மலைக்குப் போனேன். வெள்ளிமலை வரை பஸ், அப்புறம் ஜீப், அப்புறம் நடை. சார் வீட்டில் இல்லை. அவருடைய அம்மா பாறைமேல் சாமை காயவைத்துக்கொண்டிருந்தார். பிள்ளையோடு வேலை பார்த்தவன் என்றதும் உட்காரவைத்துச் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார். பையன் வடக்கே எங்கேயோ வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்.

நான் கை கழுவும்போது கேட்டார்.

"எம்புள்ள எதுக்குப்பா அந்த வேலைய வுட்டான்? கேட்டா சொல்ல மாட்டேங்கறான்."

தெரியலைங்கம்மா என்றேன்.

அப்புறம் உள்ளே போய் மடித்து வைத்திருந்த நீலக் கடுதாசி ஒன்றைக் கொண்டுவந்தார். பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருதரம் படித்துச் சொன்னாராம். இன்னொரு தரம் கேட்க ஆசையாக இருக்கிறதாம். என் சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டே நீட்டினார்.

வாங்கினேன். பிரித்தேன். நெட்டுக்குத்தான எழுத்து. அவர் கைதான். பின்பக்கம் அனுப்புகிறவர் விலாசமும் இருந்திருக்கும்.

"கண்ணாடி கொண்டாரலம்மா" என்றேன்.

அந்த அம்மா கடுதாசியைத் திரும்ப வாங்கிப் பழைய மடிப்பிலேயே மடித்தார். பரவால்லப்பா, அடுத்த தரம் வரும்போது எடுத்துக்கினு வா என்றார்.

அடுத்த தரம் போக ஆறேழு வருஷம் ஆனது. படிக்கத் தெரிந்த என் பையனைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த அம்மா செத்து, வீடு பூட்டிக் கிடந்தது. கடுதாசி என்ன ஆனது என்று யாருக்கும் தெரியவில்லை.

டுடோரியலும் மூடிவிட்டார்கள். அந்த இரண்டு பையன்களில் ஒருத்தன் இப்போது இல்லை. இன்னொருத்தன் பேரன் பேத்தி எடுத்துவிட்டான். எதிரில் பார்த்தால் கும்பிடுகிறான். அவனை நான் ஒன்றும் கேட்டதில்லை.

இந்தப் பத்திரிகை நம்ம ஜனங்கள் இருக்கிற ஊருக்கெல்லாம் போகிறதாம். வடக்கேயும் போகிறதாம். கல்வராயன் மலைக்காரர், பேர் சடையன், இடது புருவத்தில் தழும்பு, எழுபது வயதுக்குக் கிட்ட இருக்கும். அப்படி ஒருத்தரை யாராவது பார்த்தால், அல்லது அவரிடம் படித்தவர்கள் யாராவது இருந்தால், ஒரு சேதி சொல்லுங்கள். அந்தத் தாளை உருட்டியவனுக்கு எழுத்து தெரியாது, அதில் என்ன இருந்தது என்று தெரியாமல்தான் வாசலில் சிரித்தான் என்று சொல்லுங்கள். அதோடு நிறுத்திவிடாதீர்கள். கடைசி வரி வேறு ஆள் எழுத்து என்று அவனுக்குத் தெரிந்தது, தெரிந்தும் உங்களிடம் கேட்கவில்லை, அதையும் சொல்லச் சொன்னான் என்று சொல்லுங்கள். முதலாவதை மட்டும் சொல்வதாக இருந்தால் சொல்லவே வேண்டாம்.